தீப்பெட்டிக்குள் ஒரு பல்

அப்பாவின் பல் ஒன்று என்னிடம் இருக்கிறது. கீழ்வரிசை முன்பல். விழுந்து 14 வருடம் ஆகிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, முருங்கைக்காய் சாம்பார். அப்பா ஒரு துண்டைக் கடித்து இழுத்தார், சதையை உறிஞ்சினார், சக்கையைத் தட்டோரம் ஒதுக்கினார், எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டை எடுத்த அம்மாதான் சக்கைக்கு நடுவே பல்லைப் பார்த்தாள். "என்னங்க, பல்லு விழுந்து கிடக்கு, உங்களுக்குத் தெரியலயா?" அப்பா நாக்கால் துழாவிப் பார்த்தார். "அது ரெண்டு மாசமா ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வயசாச்சுல்ல" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். வலி இல்லை. பெரிதாக ரத்தமும் இல்லை. அப்போது அவருக்கு 58.

எதையும் எறியாத அம்மா அதைக் கழுவித் தீப்பெட்டிக்குள் போட்டு, பொத்தானும் ஊக்கும் கிடக்கும் பிஸ்கட் டப்பாவில் வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் பல் விழுவது தலை நரைப்பது மாதிரி. நான் பார்த்த நாளிலிருந்து தாத்தாவின் வாயில் பல் கிடையாது. வெற்றிலையைச் சின்ன இரும்பு உரலில் இடித்துத்தான் போடுவார். அத்தைக்கு 50 வயதிலேயே பல்செட். ஆனாலும் வாய் விஷயத்தில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு: "நம்ம வம்சத்துல சொத்தைப் பல்லே கிடையாது." பொய்யில்லை. விழுந்த பல் எல்லாமே ஓட்டை உடைசல் இல்லாமல் முழுசாகத்தான் விழுந்தன. அவ்வளவு நல்ல பல் எதற்காக விழ வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, என் முறை வரும் வரை.

என் முறை ஒரு கொய்யாப்பழத்தில் ஆரம்பித்தது. எனக்கு 36 வயது. பஸ் ஸ்டாண்டில், வெட்டி மிளகாய்த்தூள் தடவித் தரவா என்று கேட்ட பழக்கார அம்மாவிடம் வேண்டாம் என்று முழுப் பழமாக வாங்கிக் கடித்தேன். வெள்ளைச் சதையில் பல் பதிந்த தடத்தை ஒட்டி மெல்லிய சிவப்புக் கோடு. சிவப்புக் கொய்யா போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த கடியிலும் கோடு பல் பட்ட இடத்திலேயே வந்தது. பழம் சுத்த வெள்ளை.

பிறகு பல் தேய்க்கும்போது துப்பிய நுரையும் ரோஸ் நிறத்தில் வர ஆரம்பித்தது. ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விட்டால் சரியாகிவிடும் என்று அந்தப் பக்கம் மட்டும் பிரஷைப் பட்டும் படாமல் ஓட்டினேன். கையில் காயம் பட்டால் அப்படித்தானே செய்கிறோம்? ஈறு விஷயத்தில் அதைவிடப் பெரிய தப்பு இல்லை என்று எனக்குத் தெரிய 7 வருடம் ஆயிற்று.

நடுவில், 39 வயதில், ஒரு கிளினிக்குக்குப் போகத்தான் செய்தேன். ஐந்து நிமிடம். வாயைத் திற என்றார்கள், டார்ச் அடித்தார்கள், வைட்டமின் சி மாத்திரையும் வாய் கொப்பளிக்கும் மருந்தும் எழுதினார்கள். வைட்டமின் சி அடியோடு இல்லாமல் போனால் ஈறில் ரத்தம் கசியும், வாஸ்தவம். கடல் பயணிகளுக்கு ஸ்கர்வி வந்தது அப்படித்தான். ஆனால் தினம் எலுமிச்சைச் சாதமும் நெல்லிக்காயுமாகச் சாப்பிடுகிறவளுக்கு அது எங்கிருந்து வரும்? கொப்பளிப்பு மருந்து குளோர்ஹெக்சிடின். இரண்டு வாரத்தோடு நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நான் மூன்று மாதம் கொப்பளித்தேன். பல்லெல்லாம் டீக்கறை பிடித்த கண்ணாடி டம்ளர் மாதிரி பழுப்பேறியது. ரத்தம் கொஞ்ச நாள் நின்றது, அதனால் நோயும் போய்விட்டது என்று நம்பிவிட்டேன்.

நான் கூட்டுறவு வங்கியில் கவுன்டர் வேலை பார்க்கிறேன். பக்கத்து இருக்கைத் தோழி தினம் காலையில் ஒரு ஏலக்காய் தருவாள். "வாய்ல போட்டுக்கோ, மணமா இருக்கும்" என்பாள். பாசம் என்று நினைத்து இரண்டு வருடம் மென்றேன். அது பாசம்தான், ஆனால் வேறு வகைப் பாசம் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

கடைசியில் என்னை டாக்டரிடம் தள்ளியது ரத்தமும் இல்லை, நாற்றமும் இல்லை, ஒரு போட்டோ. வங்கி அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் படம் எடுத்தார்கள். பழைய அட்டையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் பழையதில் இல்லாத ஒரு சந்து. 43 வயதில் பல் நகருமா? அந்தச் சந்தை அடைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான் இன்னொரு பல் மருத்துவரிடம் போனேன்.

அந்த டாக்டருக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவாக இருக்கும். சந்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மழுங்கலான மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை மெதுவாக இறக்கி, எத்தனை கோடு உள்ளே போகிறது என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பல்லுக்கு ஆறு இடம்: வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று. எனக்கு ஞானப்பல் நாலும் கிடையாது, 28 பல். ஆக 168 எண்கள். வங்கிக்காரிக்கு இது புரியாத கணக்கு இல்லை.

"மூணு, ரெண்டு, மூணு. ரெண்டு, ரெண்டு, மூணு, ரத்தம். நாலு, மூணு, அஞ்சு, ரத்தம்." அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது. கடைவாய்க்கு வந்தபோது "ஆறு, அஞ்சு, ஏழு" என்றார். உதவியாளர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "ஏழா மேடம்?" "ஏழுதான். பின்னால ஒம்பது."

ஆரோக்கியமான ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் எல்லோருக்கும் உண்டு. 1 முதல் 3 மில்லிமீட்டர். கம்பி 4, 5 என்று போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆகியிருக்கிறது என்று அர்த்தம். பை ஆழமாக ஆழமாக, பல்லைப் பிடித்திருக்கும் தாடை எலும்பு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயில் அதைக் காட்டினார். வெள்ளத்தில் கரை அரித்துக்கொண்டு போன பிறகு வேர் வெளியே தெரிய நிற்கும் ஆற்றங்கரைத் தென்னைகள் மாதிரி நின்றன என் கடைவாய்ப் பற்கள்.

"வலிக்கவே இல்லையே டாக்டர்" என்றேன்.

"அதுதான் மேடம் இதோட பிரச்சனை. சொத்தைப் பல்லு கத்தும், நீங்க ராத்திரியே ஓடி வருவீங்க. இது சத்தமே போடாது."

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பாவைத் தேடினேன். அடுத்த முறை போகும்போது தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். டாக்டர் சிரிக்கவில்லை. விளக்கை இழுத்து, பல்லைப் பஞ்சின் மேல் படுக்கவைத்தார். மேலே வெள்ளையாகத் தலைப்பகுதி, ஒரு புள்ளி சொத்தை இல்லை. அதற்குக் கீழே மஞ்சள் நிற வேர். வேர் மஞ்சளாக இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பகுதி தெரியவே இல்லை. கரும்பழுப்பில், கொதித்துக் கொதித்துப் பாத்திரத்தின் அடியில் படிந்த உப்புக் காறல் மாதிரி கரடுமுரடாக ஒரு படிவம் மூடியிருந்தது. வேரின் நுனியில் மட்டும் அரிசியில் பாதி அளவுக்குச் சுத்தமான இடம்.

"இந்த நுனி மட்டும்தான் கடைசியில அப்பாவோட எலும்புக்குள்ள இருந்திருக்கு" என்றார். "மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடியே வெளிய வந்தாச்சு. இந்த அளவுக்கு வர இருபது வருஷம்கூட ஆகியிருக்கலாம்."

அப்படியானால் அப்பாவுக்கு 38. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்திருப்பேன். வயசாச்சு என்று அவர் சொன்னது 58-ல். நோய் வந்தது முடி கறுப்பாக இருந்த காலத்தில்.

அந்தக் கருப்புப் படிவத்துக்குப் பெயர் காரை. அது முதலில் காரையாக வருவதில்லை. பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் பல்லின் மேல் ஒட்டிக் கூட்டமாகக் குடியேற ஆரம்பிக்கின்றன. நாக்கால் தடவினால் வழவழப்பாக, நகத்தால் சுரண்டினால் வெள்ளை மாவு மாதிரி வருமே, அது. சாப்பாட்டுத் துணுக்கு என்று நினைத்துத்தான் நான் இத்தனை நாளும் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். அது ஒட்டிக்கொண்டு வாழும் படலம். கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும். தேய்க்காமல் விட்ட இடத்தில் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து சில நாளிலேயே அதை இறுக வைக்கின்றன. இறுகிவிட்டால் எந்தப் பிரஷும் செல்லாது. எச்சில் சுரப்பிகளின் வாய் திறக்கும் இடங்கள்தான் முதலில் மாட்டும்: கீழ் முன்பற்களின் உள்பக்கம், மேல் கடைவாயின் கன்னப் பக்கம். இப்போதே நாக்கைக் கீழ் முன்பல்லுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். பல்லுக்குப் பல் இடைவெளி தெரியாமல் ஒரே சுவராக இருந்தால் அது காரை. ஈறுக்கு மேலே இருப்பது வெளிர்மஞ்சள். ஈறுக்கு அடியில் ரத்தம் கசிந்து கசிந்து ஊறியதால் கருப்பு. அப்பாவின் பல்லில் இருந்தது இரண்டாவது வகை.

காரையாவது பல்லைத் தின்னுமா என்றால், தின்னாது. அதன் சொரசொரப்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்களை விரட்ட உடம்பு படை அனுப்புகிறது. ஈறு சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் ரத்தம் வருகிறது. இது முதல் கட்டம். எலும்பு இன்னும் பத்திரம், சுத்தம் செய்தால் முழுசாகத் திரும்பலாம். சண்டை வருடக்கணக்கில் ஓயாமல் நீடித்தால், சிலருக்கு, உடம்பின் அந்தப் படையே சொந்த எலும்பைக் கரைத்துவிடுகிறது. எதிரி இருக்கும் இடத்தை விட்டுப் பின்வாங்குகிற மாதிரி எலும்பு இறங்குகிறது. இறங்கிய எலும்பு தானாக ஏறாது.

முதல் கட்டத்தைப் பற்றி ஒரு பழைய பரிசோதனை உண்டு. நார்வேயில் பிறந்த ஹரால்டு லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர், டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார். பெரும்பாலும் மாணவர்கள், வாய் நல்ல நிலையில் இருந்தவர்கள். 10 முதல் 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கி அழற்சி வந்துவிட்டது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் பத்து நாளில் சரியானது. 1965-ல் வெளிவந்த இந்த முடிவு வரும் வரை ஈறு நோய்க்குக் காரணம் என்ன என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ரத்தம் வருகிற இடத்தைத் தேய்க்காமல் விட்டது எப்படிப்பட்ட வைத்தியம் என்பது இதைப் படித்தபோதுதான் விளங்கியது. ஆர்ஹஸில் மூன்று வாரம் நடந்த பரிசோதனையை என் இடதுபக்கக் கடைவாயில் நான் 7 வருடம் நடத்தியிருக்கிறேன்.

அதே லோவும் அவருடைய கூட்டாளிகளும் அடுத்துச் செய்த ஆய்வைத்தான் என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. பல் பராமரிப்பு என்பதே இல்லாமல் விட்டால் ஈறு நோய் எப்படிப் போகும் என்று பார்க்க அவர்களுக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. ஆட்கள் கிடைத்தது இலங்கையின் மலையகத்தில். 1970-ல் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் 480 பேர், எல்லோரும் ஆண்கள், இளைஞர்கள், தமிழர்கள். பிரஷ் பழக்கம் கிடையாது, பல் மருத்துவரைப் பார்த்தது கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் ஆஸ்லோ நகரத்தில் சிறுவயதிலிருந்தே பல் சிகிச்சை கிடைத்த படித்தவர்கள். 15 வருடம் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். 1985-ல் கடைசியாக அளந்தபோது மிச்சம் இருந்தவர்கள் 161 பேர்.

கிட்டத்தட்ட எல்லோருடைய வாயிலும் படலமும் காரையும் இருந்தன, எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆனால் நோய் ஒரே மாதிரி ஓடவில்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு வேகமாக ஓடியது; 35 வயதிலேயே பல்லின் பிடிப்பு சராசரியாக 9 மில்லிமீட்டர் போய்விட்டிருந்தது. 81 சதவீதம் பேருக்கு நடுத்தர வேகம், அதே வயதில் 4 மில்லிமீட்டர். மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, 1 மில்லிமீட்டர்கூடப் போகவில்லை. ஒரே மலை, ஒரே சோறு, ஒரே காரை. இன்னொன்று: அவர்களில் யாருக்கும் சொத்தைப் பல் என்று சொல்லும்படி இல்லை. இழந்த பல்லெல்லாம் ஈறு நோயால் போனவை.

எங்கள் வம்சப் பெருமை அங்கேயே செத்துவிட்டது.

உலகத்துப் பல் மருத்துவ மாணவர்கள் எல்லோரும் பாடப் புத்தகத்தில் படிக்கும் ஆய்வு இது. இயற்கை வரலாறு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஏதோ காட்டு மரத்தை அளந்த மாதிரி. அந்தப் பதினைந்து வருடமும் அந்த மலையில் வரிசைக் குடியிருப்புகளான லயத்து வீடுகளும், பலரின் குடியுரிமைக் கேள்வியும், இந்தியாவுக்குக் கப்பலேற்றும் ஒப்பந்தமும் இருந்தன. 480-லிருந்து 161 ஆனதில் எத்தனை பேர் ராமேஸ்வரத்தில் இறங்கியிருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. அவர்கள் வாயிலிருந்து வந்த அறிவு இன்று என் 168 எண்களைப் படிக்க உதவுகிறது. அவர்களுக்கு யாராவது ஒரு பிரஷ் கொடுத்துத் தேய்க்கச் சொன்னால் ஈறு வீக்கம் அடங்கும் என்பது 1965-லேயே தெரிந்த விஷயம். இதற்கு மேல் இதைப் பற்றி நியாயமாகப் பேச எனக்கு வரவில்லை.

யார் அந்த 8, யார் அந்த 11 என்று பிறக்கும்போது நெற்றியில் எழுதியிருப்பதில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் நம் கையில் இருக்கும் இரண்டு பெரிய காரணங்கள் புகையும் சர்க்கரையும். சித்தப்பா 40 வருட பீடிக்காரர். "எனக்கு ஈறுல சொட்டு ரத்தம் வராது" என்று மார் தட்டுவார். புகை, ரத்தம் வரும் அறிகுறியைக்கூட மறைத்துவிடுகிறது. உள்ளே எலும்பு கரைவது மட்டும் இன்னும் வேகமாக நடக்கும். சர்க்கரை இருவழிப் பாதை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறில் ஓயாத அழற்சி இருந்தால் சர்க்கரை இறங்க மறுக்கும். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி சராசரியாக 0.3, 0.4 புள்ளி வரை இறங்குகிறது என்று கண்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட இன்னொரு மாத்திரை சேர்த்த மாதிரி. அப்பாவுக்குச் சர்க்கரை கண்டுபிடித்தது 47-ல். 25 வருடமாக ரத்தம் எடுத்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னவர் யாரும் இல்லை. இதய நோய்க்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு இருப்பதாகவும் அடிக்கடி வாட்ஸ்அப்பில் வருகிறது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பது அதிகம் என்பது சரி. ஒன்றால்தான் மற்றது வருகிறது என்று நிறுவப்படவில்லை. பயமுறுத்த அது வேண்டியதில்லை, பல் போவதே போதும்.

சில மாத்திரைகளும் ஈறை வீங்க வைக்கும்: வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின், ரத்த அழுத்தத்துக்கு வீட்டுக்கு வீடு சாப்பிடும் அம்லோடிபின் வகை. எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. தானாக நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்திலும் ஈறு சீக்கிரம் ரத்தம் கக்கும். என் மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கும் வந்தது, பிள்ளை பெற்றால் நின்றுவிடும் என்றார்கள், நின்றது போலத்தான் இருந்தது.

சிகிச்சைக்கு வருகிறேன். "கிளீன் பண்ணினா பல்லு ஆடிடும்." இந்த ஒரு வாக்கியம் தமிழ்நாட்டில் பிடுங்கிய பல்லுக்குக் கணக்கு இல்லை. எனக்கு இதைச் சொன்னவர்கள்: மாமியார், மேனேஜர், மருந்துக்கடைக்காரர், ஆட்டோக்காரர். இந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. எலும்பு போன பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் காரைதான் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்தால் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். வீக்கம் வற்றி ஈறு சுருங்கும்போது பல்லுக்குப் பல் சந்து தெரியும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். வெள்ளம் வடிந்த பிறகு சேறு தெரிவதற்கு வடிந்த தண்ணீரையா குறை சொல்வது? கூச்சம் பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கிவிடும். எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று, ஐஸ்கிரீம் இல்லாத ஐந்து வாரம்.

எனக்கு வெறும் மேலோட்டமான ஸ்கேலிங் போதாது, ஈறுக்கு அடியிலும் வேரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, ஒருநாள் வலதுபக்கம், அடுத்த வாரம் இடதுபக்கம். நுனி அதிரும் கருவியின் சத்தம் காதுக்குள் கொசு மாட்டிய மாதிரி இருக்கும், வலி பெரிதாக இல்லை. முடிந்ததும் காஸ் துணியில் ஒதுக்கி வைத்திருந்ததைக் காட்டினார். கருங்கல் ஜல்லியை எறும்புக்காக உடைத்த மாதிரி பொடிப் பொடியாகக் கருப்புத் துகள். அப்பாவின் பல்லில் பார்த்த அதே கருப்பு.

மூன்று மாதம் கழித்து மறுபடி 168 எண்கள். ஏழெல்லாம் நாலும் ஐந்துமாக இறங்கியிருந்தன. இரண்டு இடம் மட்டும் அசையவில்லை. அங்கே ஈறைத் திறந்து சுத்தம் செய்து தையல் போட்டார்கள். ஒன்பது காட்டிய பின்கடைவாய்ப் பல் தேறவில்லை, எடுத்தாயிற்று. முன்பல் சந்து அப்படியே இருக்கிறது. அடைக்கக் கேட்கத்தான் போனேன் என்பதே மறந்துவிட்டது.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று ஆரம்பிக்காமல் தமிழில் பல்லைப் பற்றி எழுதக் கூடாது என்று ஏதோ சட்டம் இருக்கிறது போல, எனவே இங்கே போட்டுவிடுகிறேன். குச்சி மேல் எனக்குக் கோபம் இல்லை. மென்று நாராக்கிய நுனியால் ஈறோரம் பொறுமையாகத் தேய்த்தவர்களுக்கு அது வேலை செய்திருக்கும். எதை வைத்துத் தேய்க்கிறோம் என்பதைவிட எங்கே தேய்க்கிறோம் என்பதுதான் கேள்வி. நாம் எல்லோரும் பல்லின் நடுவயிற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறோம். அழுக்கு சேர்வது பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில். இதை உட்கார்ந்து யோசித்தவர் பல் மருத்துவரே இல்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் துலேன் பல்கலைக்கழகத்தில் மலேரியா ஒட்டுண்ணியை உடம்புக்கு வெளியே வளர்த்துக் காட்டிய சார்லஸ் பாஸ் என்ற டாக்டர். ஓய்வு பெற்ற பிறகு பல் பக்கம் திரும்பி, பிரஷ் நார் மென்மையாக இருக்க வேண்டும் என்றும், 45 டிகிரி சாய்த்துப் பாதி நார் பல்லிலும் பாதி ஈறோரத்திலும் படும்படி வைத்து, இடத்தை விட்டு நகராமல் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும் என்றும் 1940-களின் கடைசியில் எழுதினார். இன்றும் கற்றுக்கொடுப்பது அதைத்தான். நான் பாத்திரம் தேய்க்கிற வேகத்தில் கெட்டிப் பிரஷால் குறுக்கே இழுத்ததில், பல்லின் கழுத்தில் அரிவாள் வெட்டு மாதிரி பள்ளம் விழுந்ததுதான் மிச்சம்.

எப்படிச் சாய்த்தாலும் பிரஷ் இரண்டு பல்லுக்கு நடுவில் போகாது. நோய் ஆரம்பிப்பதோ பெரும்பாலும் அங்கேதான். அதற்கென்று பால்பாட்டில் கழுவும் பிரஷைக் குட்டியாக்கிய மாதிரி ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கிறது, சந்தின் அளவுக்கு ஏற்ப அளவுகள் உண்டு. சந்தே இல்லாத இடத்துக்கு ஃப்ளாஸ் நூல். அப்பா ஈர்க்குச்சியாலும் ஊக்காலும் குத்துவார். அது துணுக்கை எடுக்கும், படலத்தை எடுக்காது, ஈறைக் கிழிக்கும். முதல் வாரம் அந்தக் குட்டிப் பிரஷ் ஒவ்வொரு சந்திலிருந்தும் ரத்தத்தோடு வந்தது. பழைய பயம் எட்டிப் பார்த்தது. விடாமல் செய்தேன். பத்தாம் நாள் வெள்ளையாக வந்தது. ஆர்ஹஸ் மாணவர்களுக்கு ஆன அதே கணக்கு.

ராத்திரி தேய்ப்பதுதான் கஷ்டம். எல்லா வேலையும் முடிந்து, கதவைத் தாழ் போட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றால் கை ஓடாது. இப்போதும் வாரத்தில் ஒருநாள் விட்டுவிடுகிறேன். நல்லெண்ணெய் கொப்பளித்தால் போதாதா என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். கொப்பளியுங்கள், அதற்குப் பிறகு தேயுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் போகிறேன். ஒருமுறை ஈறு நோய் முற்றியவர்களுக்குச் சர்க்கரை மாதிரிதான், கட்டுக்குள் வைக்கலாம், கணக்கை மூட முடியாது. தோழி ஏலக்காய் தருவதை நிறுத்திவிட்டாள். இதைவிட நல்ல மருத்துவச் சான்றிதழ் எனக்கு வேண்டாம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு இப்போது 72. மேல்செட் நிற்கிறது, கீழ்செட் நிற்பதில்லை. பல் போனபின் தாடை மேடும் வருடா வருடம் கரைந்துகொண்டே வருவதால் பிடிமானம் இல்லை. சாப்பிடும்போது கீழ்செட்டைக் கழற்றி எவர்சில்வர் டம்ளரில் போட்டுவிடுவார். முருங்கைக்காயை அம்மா பிளந்து, கரண்டியால் சதையை வழித்துச் சோற்றில் வைப்பாள்.

தீப்பெட்டியைக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இதை இன்னுமா வச்சிருக்க? சின்னப் பிள்ளையில சாணியில உருட்டிக் கூரை மேல எறிவோமே, அப்படி எறிஞ்சிருந்தா முளைச்சிருக்கும்."

"58 வயசுலயா?"

சிரித்தார். பிறகு அந்தக் கருப்பை நகத்தால் சுரண்டினார், வரவில்லை. "உனக்கு இப்ப எத்தனை?"

"ஒரு இடத்துல அஞ்சு இருக்குப்பா. மத்ததெல்லாம் மூணு, நாலு."

"மூணு நல்லதா?"

"நல்லது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பல்லைத் தீப்பெட்டிக்குள் வைத்து மூடினார். "திருச்சிக்குப் போறப்ப அம்மாவையும் கூட்டிட்டுப் போ. பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து அவளுக்கு ஈறு பொதபொதன்னு இருக்கு. காலையில துப்பினா சிவப்பா வருது, நான் பார்த்தேன்."

"எனக்கென்ன?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "வலிக்கவா செய்யுது?"